தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் முற்றத்துச் செவ்வரத்தையின் துளிரிலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. மொட்டுகளும் விரியுமுன்னே உதிர்கின்றன. மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் இட்டு, கிணற்றுத் தண்ணீரும் தவறாமல் ஊற்றி வருகிறோம். துருப்பிடித்த ஆணிகளை அடியில் புதைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: நீங்கள் கவனித்து எழுதிய அடையாளமே காரணத்தைக் காட்டித் தருகிறது. முதிர்ந்த அடியிலைகள் ஒரே சீராக மஞ்சள் பாரித்தால் அது தழைச்சத்துக் குறைவாகவோ, இலையின் காலம் முடிந்ததாகவோ இருக்கலாம். துளிரிலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் வெளிறுவது பெரும்பாலும் இரும்புச்சத்து எட்டாமையால் வருவது. வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பின் சேர்மங்களால் உண்டானது என்பதால், அந்த மண்ணில் நிற்கும் செடிக்கு இரும்பு கிடைக்கவில்லை என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் வேர் உறிஞ்சக்கூடியது கரைந்த இரும்பை மட்டுமே. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் எங்கள் கிணற்று நீரில் சுண்ணம் கரைந்து வருகிறது. கேத்தலின் அடியில் செதில் செதிலாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவைச் சுரண்டிப் பாருங்கள்; அதே சுண்ணம் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் செடியின் அடியில் சேர்ந்து, மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இரும்பைக் கரையாத வடிவில் பூட்டி வைக்கிறது.

ஆகவே சாம்பலை இன்றே நிறுத்துங்கள். சாம்பலும் காரமானது, நல்லெண்ணத்துடன் இடப்பட்டாலும் அது குறையை வளர்க்கவே செய்யும். ஆணியாலும் பயனில்லை, ஏனெனில் துரு என்பது செம்மண்ணில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கரையாத இரும்பேயாகும். நன்கு மக்கிய கூட்டெருவைத் தாராளமாக இட்டு, அடியை உலர்ந்த இலைகளால் மூடுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைச் சேமித்து ஊற்ற முடிந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. உடனடி நிவாரணத்துக்கு, ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற்றைக் கரைத்து மாலை வேளையில் துளிர்களில் தெளிக்கலாம். மண்ணிலேயே இடுவதாயின் சுண்ண மண்ணிலும் கரைந்து நிற்கும் ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பைக் கேட்டு வாங்குங்கள்.

மொட்டு உதிர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒருநாள் மண் காய்ந்து மறுநாள் வெள்ளமாக நின்றால் செடி மொட்டைக் கழித்துவிடும். அடுக்குச் செவ்வரத்தையில் இது கூடுதலாக நிகழும். மொட்டின் காம்படியை விரலால் விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போன்ற மாவுப்பூச்சி அங்கேதான் பதுங்கியிருக்கும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுவது அதற்கு முன்னறிவிப்பு. அந்தப் பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. மெல்லிய சவர்க்காரக் கரைசலால் கழுவி, எறும்பு ஏறும் வழியையும் தடுத்தால் பெரும்பாலும் கட்டுப்படும். விரிந்த பூ ஒருநாளில் வாடுவதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம், அது அதன் இயல்பு.

கேள்வி: நெடுந்தீவின் பெருக்கமரமும் (பாவோபாப்) செவ்வரத்தையும் ஒரே குடும்பம் என்பது உண்மையா?
– வாசகர், வேலணை

பதில்: உண்மை. முன்னர் இலவமரக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த பெருக்கமரத்தை, மரபணு ஒப்பீடுகளின் பின் 1990களின் இறுதியிலிருந்து, செவ்வரத்தையும் அடங்கும் பருத்திக் குடும்பத்துடன் இணைத்துள்ளனர். கொக்கோவும் டுரியானும் இப்போது அதே குடும்பத்தில் உள்ளன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தின் பெரிய வெள்ளைப் பூ மாலையில் விரிந்து தலைகீழாகத் தொங்கும். ஆபிரிக்காவில் பழந்தின்னி வௌவால்கள் அதில் மகரந்தம் சேர்க்கின்றன. உதிர்ந்த பூ கிடைத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மகரந்தத் தாள்கள் அடியில் ஒரே குழாயாக ஒட்டி, சூல்தண்டைச் சூழ்ந்திருக்கும். செவ்வரத்தைப் பூவின் நடுவே நீண்டு நிற்கும் தண்டும் இவ்வாறே அமைந்தது.

கேள்வி: எங்கள் வேலியில் நிற்கும் பூவரசின் கீழே சிவப்புப் பூச்சிகள் கூட்டமாகத் திரிகின்றன. மரத்துக்குக் கேடா? கதியாலை வெட்டிவிடலாமா?
– வாசகி, கரவெட்டி

பதில்: வெட்ட வேண்டாம். சிவப்பு உடலில் கறுப்பு அடையாளங்களுடன் காணப்படும் அப்பூச்சிகள் பெரும்பாலும் உதிர்ந்த காய்களின் விதைகளை உறிஞ்ச வந்தவை. மரத்துக்கு அவற்றால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை. கடலோரத்து மரமாகிய பூவரசு உவரையும் சுண்ணத்தையும் தாங்கி, செவ்வரத்தை வெளிறும் மண்ணிலும் பச்சையாக நிற்கும். புகையிலைத் தோட்டங்களில் பசளையாக மண்ணில் தாழ்ப்பதற்கு அதன் குழையைத் தேடி வாங்கிய ஊர் நம்முடையது. காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செந்நிறமாகும் அதன் பூவையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆனால் ஒரு கவனம் வேண்டும். பருத்தியும் வெண்டியும் பூவரசின் உறவுகளாதலால், அதே பூச்சி அவற்றின் காய்களையும் நாடும். வேலியோரத்தில் வெண்டி நட்டிருந்தால் அடுத்த போகத்தில் பாத்தியை வளவின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்; உதிர்ந்த பூவரசங்காய்களை வாரந்தோறும் கூட்டியள்ளி எரித்துவிடுங்கள்.