கொலைகாரனுக்கு எதற்கு அண்ணன் கை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பா சேர்த்து வைத்திருந்த மாத நாவல்களில் ஒரு துப்பறியும் கதையைப் படமாக எடுக்கப் போகிறேன். கோயம்புத்தூரில் நடக்கும் கதையைத் தோட்டத்துக்கு மாற்றி, கொலைகாரனை, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆக்கிவிட்டேன் (இடது கையில் இரண்டு விரல் இருக்காது, என் அண்ணன் மாதிரி. நான் கல்லூரியில் இருந்தபோது செம்பனை எண்ணெய் ஆலையில் போனது. வீட்டுப் பங்குத் தகராறில் இப்போது பேச்சில்லை). எங்கள் வீட்டில் ஷூட்டிங் வைக்க அம்மா மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? பழைய நாவல்தானே, எழுத்தாளரிடம் கேட்க வேண்டுமா?

பதில்: கேட்கத்தான் வேண்டும். இங்கே மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 50 ஆண்டு வரை உரிமை அவர் பக்கம், இந்தியாவில் 60. ஊரையும் பெயரையும் மாற்றினால் கதை உங்களுடையது ஆகிவிடாது. ராஜேஷ்குமார் நாவலிலிருந்து 2017இல் ‘குற்றம் 23’ வந்ததே, படம் எடுப்பவர்கள் இந்தக் கதைகளை இன்னும் தேடித்தான் வருகிறார்கள். எழுதிக் கேளுங்கள்.

சரி, அடைப்புக்குறிக்கு வருவோம். தம்பி, நாவலில் ‘அந்த உருவம் இருட்டில் நகர்ந்தது’ என்று எழுதியே கடைசி அத்தியாயம் வரை ஓட்டலாம். கேமராவில் அது நடக்காது, உருவத்துக்கு ஒரு கையாவது வேண்டும். இந்தக் கதைகளைப் படமாக்கும் எல்லோருக்கும் இதே தலைவலிதான். நீங்கள் அந்த இடத்தில் அண்ணன் கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். கையுறை போட்டிருக்கலாமே? பழைய உத்திதான், ஆனால் யார் வீட்டுச் சோறும் கெடாது.

அந்த வருடம் உங்கள் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டினார்? கடிதத்தில் காணோம். ஆலைச் சம்பளம்தான் என்று நினைக்கிறேன். தவறென்றால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டுப் பங்கில் அண்ணன் செய்தது அநியாயமாகவே இருக்கட்டும், அதை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டால் முன்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூட அது யார் கை என்று தெரியும். மறுநாள் காலை ஒட்டுக்கடையில் அவர் எந்தக் கையால் தேநீர் வாங்குவார்?

அம்மா வீட்டைத் தரமாட்டேன் என்பது ஷூட்டிங் பிடிக்காமல் என்றா நினைக்கிறீர்கள்? நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து அந்தக் காட்சியை வாய்விட்டுப் படியுங்கள். படிக்க முடியவில்லையென்றால் அங்கேயே அதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அப்புறம் அம்மாவிடம் வீட்டைக் கேளுங்கள்.