ஒகவாங்கோ: மழை ஓய்ந்த பிறகு வெள்ளம் வரும் இடம்

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்புநிலத்தில் தங்கிவிட்டு வந்ததை இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் பலரும் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் போகலாம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். விசாரித்தால், அங்கே மழையே இல்லாத மாதமாம் அது. காய்ந்து கிடக்கும் சதுப்புநிலத்தைப் பார்க்கவா இவ்வளவு செலவு? (வாசகர், தஞ்சாவூர்)

தைரியமாகப் போங்கள். ஒகவாங்கோவை நிரப்புவதில் உள்ளூர் மழையின் பங்கு குறைவுதான். வடக்கே அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் கொட்டும் மழை ஆறாகி, நமீபியாவின் ஒரு குறுகிய துண்டைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் வருகிறது. அதற்கப்புறம் தரை கிட்டத்தட்ட மட்டம். போதாததற்குக் கோரையும் நாணலும் வழியை மறிக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர எத்தனை நாள் என்று உங்கள் ஊர்க்காரர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். இங்கே அதை மாதக்கணக்கில்தான் எண்ண வேண்டும். கீழ்க்கோடியில் உள்ள மவுன் நகரத்தை வெள்ளம் எட்டும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும்.

சுற்றிலும் கலஹாரி பாலைவனம் வறண்டு கிடக்கும் அந்த நேரத்தில் நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். யானையும் எருமையும் அங்கே வந்து சேர்வது அதனால்தான். இந்த ஆறு கடலுக்குப் போவதே இல்லை. வந்த தண்ணீரில் மிகப் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகள் வழியாகவும் மேலே போய்விடுகிறது. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது இந்த ஒகவாங்கோதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வெள்ளம் ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். தவிர, ஒகவாங்கோ என்ற பெயரில் விற்கப்படும் கேம்ப்புகள் எல்லாமே தண்ணீர் நடுவில் இருப்பவை அல்ல. சில இடங்களில் முழுக்க ஜீப் சவாரிதான். "நாங்கள் வரும் வாரத்தில் மொகோரோ (கழியால் உந்தும் தோணி) ஓடுமா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.

மொகோரோ என்று உருகி உருகி எழுதியிருந்தீர்கள். தோணிதானே? சிங்கம் பார்க்க ஜீப்பில் போவதை விட்டுவிட்டு அதில் போய் என்ன பார்ப்பது? (வாசகி, மதுரை)

சிங்கத்தை ஜீப்பில் போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிங்கம் பார்க்க ஆப்பிரிக்காவில் இடங்கள் நிறைய. இந்தத் தண்ணீருக்காகத்தானே ஒகவாங்கோவுக்குப் போகிறோம்?

முன்பு ஒரே மரத்தைக் குடைந்து மொகோரோ செய்தார்கள். பெரிய மரங்களை வெட்ட வேண்டாம் என்று இப்போது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் செய்கிறார்கள். படகுக்காரர் பின்னால் நின்றபடி நீளக் கழியால் உந்துவார். மோட்டார் கிடையாது. உட்கார்ந்தால் நம் கண் அல்லி இலைகளின் மட்டத்துக்கு வந்துவிடும். எங்கள் படகுக்காரர் கழியை ஊன்றி நிறுத்தி, விரலால் ஓர் இலையைக் காட்டினார். ஆண் இலைக்கோழி ஒன்று நின்றிருந்தது. அதன் சிறகுக்கு அடியிலிருந்து குச்சி குச்சியாகக் கால்கள் தொங்கின. குஞ்சுகளை இரண்டு பக்கமும் இடுக்கிக்கொண்டு நடக்கிறது அந்தத் தகப்பன். முட்டையிட்டதோடு தாயின் வேலை முடிந்தது, வளர்ப்பெல்லாம் ஆண்தானாம். கொஞ்ச தூரம் போய் அது சிறகைத் தளர்த்த, குஞ்சுகள் பொத்பொத்தென்று இலைமேல் விழுந்து ஓடின. ஜீப்பில் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது.

வழியில் தென்படும் சின்னச் சின்னத் தீவுகளையும் கவனியுங்கள். அவற்றில் பல கரையான் புற்றில் தொடங்கியவை. வெள்ளத்துக்கு மேலே நிற்கும் புற்று மேட்டில் பறவைகள் உட்கார, எச்சத்தோடு விழுந்த விதை மரமாகி, மரத்தைச் சுற்றி மண் சேர்ந்து தீவாகிவிடுகிறது.

அம்மாவுக்கு 68 வயது. கூடாரத்தில், அதுவும் வேலியே இல்லாத இடத்தில் தங்க வேண்டும் என்றதும் பயப்படுகிறார். அழைத்துப் போகலாமா? (வாசகி, கோவை)

தாராளமாக. கூடாரம் என்றாலும் மரத்தளத்தின் மேல் கட்டில், குளியலறை எல்லாம் இருக்கும். வேலி இல்லாதது உண்மை. அதனால்தான் இருட்டிய பிறகு தனியே நடக்கவே கூடாது என்ற விதி. சாப்பிடப் போக, திரும்பி வர, கேம்ப் ஆள் விளக்கோடு கூட வருவார். அவசரத்துக்குக் கூடாரத்தில் விசிலோ ஹாரனோ வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

ராத்திரி நீர்யானை கரையேறி மேயும். எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேய்ந்தது. புல்லை அது கொத்தாகப் பிடுங்கும் 'சரக் சரக்' சத்தம் தலைமாட்டில் கேட்டது. அசையாமல் படுத்திருந்தால் போதும், அது தன்பாட்டுக்குப் போய்விடும். தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் மனிதர் நிற்பதுதான் ஆபத்து.

அம்மாவை அதைவிட வாட்டப்போவது குளிர். ஜூலை விடியலில் திறந்த ஜீப்பில் விரல் விறைத்துப் போகும். ஸ்வெட்டர், காதுக்குல்லாய் இரண்டையும் மறக்காதீர்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்குங்கள். அவருக்கு வேறு மருந்துகள் இருந்தால் அந்தச் சீட்டையும் காட்டுங்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் என்றால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டுமா என்று விமான நிறுவனத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? பெட்டி எவ்வளவு எடுத்துப் போகலாம்? (வாசகர், சேலம்)

முன்கூட்டியே எழுதினால் கிடைக்கும். பாஸ்தா, காய்கறி, பீன்ஸ் எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். முட்டை, மீன் சேருமா சேராதா என்று பிரித்து எழுதுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொள்ளலாம். ஊறுகாய், பருப்புப்பொடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கூடாரத்தில் திறந்து வைக்காதீர்கள், குரங்குகள் விடாது. மவுனிலிருந்து போகும் குட்டி விமானத்தில் கைப்பையும் சேர்த்து பெரும்பாலும் 20 கிலோதான். சக்கர சூட்கேஸ் உள்ளே நுழையாது, துணிப்பைதான் சரி.

ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கிறார்களே. எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வழியே இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

இருக்கிறது. குறைந்த கூட்டம், அதிக விலை என்பது போட்ஸ்வானா வேண்டுமென்றே எடுத்த கொள்கை. இடம் கெடாமல் இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மவுனில் எளிய விடுதியில் தங்கி, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே நடத்தும் மொகோரோவில் ஒரு நாள் போய்வரலாம். கூடவே சமையல் சாமானைக் கொண்டுபோய்த் தீவில் கூடாரம் போட்டு இரவு தங்கவும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து ஜீப் வாடகைக்கு எடுத்தால் மொரேமி சரணாலயத்தின் முகாம்களிலும் தங்கலாம். அங்கேயும் வேலி கிடையாது, மணல் பாதை, அதனால் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவசியம். முகாமுக்கு முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பணம் ஓரளவு சேர்ந்து பெரிய கேம்ப்புக்கே போவதானால், மூன்று இடத்தில் ஒவ்வொரு ராத்திரி என்று பிரிக்காதீர்கள். விமானச் செலவு தின்றுவிடும். தண்ணீர் மேல் உள்ள ஒரே இடமாகப் பிடித்து அங்கேயே இருந்துவிடுங்கள்.