சிறையில் வந்த பக்தி

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு 68 வயது. குடிபோதையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்தியால் குத்திக் கொன்றதற்காக 2006இல் ஆயுள் தண்டனை பெற்று, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் வெஸ்ட்வில் சிறையில் இருக்கிறார். வெளியில் இருந்தவரை கோயில் வாசலை மிதித்ததில்லை. பூசை அறையில்தான் பாட்டிலை ஒளித்து வைப்பார். சென்ற வருடம், சிறைக்கு வரும் பெந்தெகொஸ்தே ஊழியர்களிடம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டாராம். தொலைபேசியில் வசனம் சொல்லி அழுகிறார். எங்களுடையது தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுக்கும் குடும்பம். அவர் கொலை செய்தபோதுகூட அம்மா இப்படி இடிந்துபோகவில்லை. எல்லாம் பரோலில் முன்கூட்டியே வெளியே வரப் போடும் வேஷம் என்கிறான் அண்ணன். இந்த வயதில் ஒரு மனிதர் உண்மையாகவே மாறுவாரா?

வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணனின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2004 அக்டோபருக்குப் பிறகு செய்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்களை, பொதுவாக 25 ஆண்டுகள் கழிந்த பின்பே பரோலுக்குப் பரிசீலிப்பார்கள். அந்தப் பொதுக் கணக்கு உங்கள் அப்பாவுக்கும் பொருந்தினால், அது 2031. அதுவரை வேஷத்தைக் கலைக்காமல் நிற்கும் பொறுமை அவரிடம் இருந்திருந்தால், அன்று கத்தியையே எடுத்திருக்க மாட்டார்.

அதற்காக வேஷமே இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. அழுகையையும் வசனத்தையும் வைத்து அளக்காதீர்கள் என்கிறேன். இறந்தவரைப் பற்றி அவர் பேசுகிறாரா? ‘சாத்தான் செய்ய வைத்தான், ஆண்டவர் மன்னித்துவிட்டார்’ என்பதோடு நின்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆண்டவர் தாராளமாக மன்னிக்கட்டும். அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் என்ன சொல்கிறார்கள்? பரோல் விசாரணையில் அவர்கள் வந்து பேசச் சட்டம் இடம் தருகிறது. விருப்பப்பட்டால், குற்றவாளியை நேரில் சந்தித்துப் பேசவும் சிறைத் துறை ஏற்பாடு செய்கிறது. அவர்கள் வரவே மறுக்கலாம். அது அவர்கள் உரிமை. நீங்கள் தூது போகாதீர்கள்.

அம்மாவின் அழுகை எனக்குப் புரிகிறது. கொலையைச் சொல்லி ஊரில் அழ முடியாது. மதம் மாறியதைச் சொல்லி அழலாம், நாலு பேர் கூட உட்கார்ந்து அழுவார்கள்.

மேடைக்கு மேடை தில்லையாடி வள்ளியம்மையைப் பேசுகிறோம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து 1913இன் இறுதியில் சிறை புகுந்து, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த பெண். அந்தச் சிறை நமக்குப் பெருமை. வெஸ்ட்வில்லில் இருப்பவரையோ ‘வெளியூரில் வேலை’ என்று சொல்லி மறைக்கிறோம். காவடிக் கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்? போய் உட்கார்ந்தவர்களின் சாமியை அவர் கும்பிடுகிறார். இதில் கோபப்பட நமக்கு என்ன பாத்தியதை?

வயதைக் கேட்டீர்கள். 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கிய தூக்குத் தண்டனை நடைமுறையில் இருந்தவரை, இந்த நாட்டில் கொலைக் கைதிகள் பலருக்கு அறுபது வயது என்பதே வாய்த்ததில்லை. வாய்த்தவர்களில் சிலர் மாறுகிறார்கள். உங்கள் அப்பா அவர்களில் ஒருவரா என்பது எனக்கு இங்கிருந்து தெரியாது. அடுத்த முறை அவர் கூப்பிடும்போது வசனத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேளுங்கள். பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.