சாட்சி சொல்ல ஒன்றும் இல்லாதவன் தோற்றவனா?

கேள்வி: "15 வருஷமாக விசுவாசி. சபையில் ஒவ்வொருவரும் வீடு வாங்கினேன், கார் வாங்கினேன், பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. கிறிஸ்தவ வாழ்க்கையில் வெற்றி என்றால் என்ன? நான் தோற்றுவிட்டேனா?"

இல்லை. ஆனால் அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர எனக்குத் தகுதி கிடையாது, ஏனென்றால் நீங்கள் சொல்கிற அந்த மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருத்தன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு மலேசியாவில் பட்டர்வொர்த்தில், வேலை எதிரே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. தினமும் மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடப்பேன் (2019லிருந்து மோட்டார்சைக்கிளுக்கு டோல் இல்லை, அந்த அளவில் நானும் ஆசீர்வதிக்கப்பட்டவன்தான்). சில வருஷங்களுக்கு முன் பர்ச்சேசிங் பிரிவில் இருந்தேன். அட்டைப்பெட்டி, டேப், பபுள் ரேப் எல்லாம் என் கையெழுத்தில்தான் உள்ளே வரும். பெட்டி சப்ளை செய்த தவுக்கே (சீன முதலாளி) ஒரு சீனப் பெருநாளுக்கு அங் பாவ், அதாவது சிவப்பு உறையில் அன்பளிப்புப் பணம், கொடுத்தார், 300 வெள்ளி (ரிங்கிட்). பெருநாள் காசுதானே என்று வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் பெருநாள் வராமலேயே அங் பாவ் வந்தது. மூன்று வருஷத்தில் கூட்டிப் பார்த்தால் எட்டாயிரம் வெள்ளிக்கு மேல். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காசிலும் ஒழுங்காகத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) எடுத்து, உறையில் பெயர் எழுதி, காணிக்கைப் பையில் போட்டேன். வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் ஸ்தோத்திரக் காணிக்கையோடு முன்னால் போய் நின்று, கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்கினார் என்று சாட்சி சொன்னேன். சபை முழுக்க அல்லேலூயா. ஒரு அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது உபாகமம் 28:13. கட்டளைகளைக் கைக்கொண்டு அவைகளின்படி நடந்தால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை நான் மைக்கில் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஞாயிறு பள்ளியில் வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். யோசேப்பு பாடம் வந்தது. யோசேப்பு என்றால் நமக்குப் பலவருண அங்கி, குழி, அப்புறம் ஒரே தாவலில் எகிப்தின் அதிபதி. அந்த வாரப் பாடம் ஆதியாகமம் 39 மட்டும் என்பதால் நடுவில் தாவ வழியில்லை, உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். "கர்த்தர் யோசேப்போடே இருந்தார், அவன் காரியசித்தியுள்ளவனானான்" என்று இரண்டாம் வசனம். எப்போது? இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, போத்திபாரின் வீட்டில் அடிமையாகக் கிடக்கும்போது. சம்பளம் இல்லை, ஊருக்குப் போக வழியில்லை, தகப்பனுக்கோ மகன் உயிரோடு இருப்பதே தெரியாது. அவனைப் போய் காரியசித்தியுள்ளவன் என்கிறது வேதம். அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கு வாருங்கள், இப்போது சிறைச்சாலையில் இருக்கிறான், அங்கேயும் அவன் செய்ததைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார் என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன? எஜமானின் மனைவிக்கு முடியாது என்று சொன்னான், இருந்த வேலையும் போனது. நம் கணக்கில் அது படுதோல்வி. விற்கப்படும் கதை தொடங்கும்போது அவனுக்கு 17 வயது, பார்வோன் முன்னால் நிற்கும்போது 30. நடுவில் உள்ள அந்த 13 வருஷமும் அவன் நம் சபையில் உட்கார்ந்திருந்தால் யாரும் அவனிடம் மைக்கை நீட்டியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கே நான் மனந்திரும்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பாடத்தை நன்றாகவே நடத்தினேன், அடுத்த மாதம் தவுக்கேயின் உறையையும் வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒரு லாட்டில் அட்டை மெலிசாக இருந்தது, கண்டெய்னரில் கொஞ்சம் ஈரம் பட்டாலே அமுங்கிவிடும் என்று தொட்டாலே தெரிந்தது. எப்போதும்போல் பாஸ் பண்ணிவிடு என்றார்கள். கை வரவில்லை. திருப்பி அனுப்பினேன். தவுக்கேயோடு கணக்கு வைத்திருந்தது நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதத்தில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் போனஸ் இல்லை, எனக்கு வரவேண்டிய பதவி நான் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்குப் போனது. வீட்டுக் கடன் மட்டும் மாதாமாதம் சரியாக வந்துகொண்டிருந்தது. இதைச் சபையில் சாட்சியாகச் சொல்ல முடியுமா? ஜெபக்குறிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், "பிரதருக்கு வேலையில் ஒரு தடை, தடை உடையும்படி ஜெபிப்போம்" என்று.

ஒருமுறை கோலாலம்பூரில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். யோசுவா 1:8ஐ வைத்து இரண்டு மணி நேரம். ஆங்கிலத்தில் அந்த வசனம் 'குட் சக்சஸ்' (நல்ல வெற்றி) என்று முடியும், பேச்சு முழுக்க அந்த இரண்டு வார்த்தையின் மேல்தான் ஓடியது. என் மடியில் தமிழ் வேதாகமம். அதில் அந்த இடத்தில் "அப்பொழுது புத்திமானாயும் நடந்துகொள்ளுவாய்" என்று இருக்கிறது. எபிரெயச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, அதனால் ஆங்கிலம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு நடையைப் பார்க்கிறது, அந்த மேடை பலனை மட்டும் பார்த்தது.

நான் லூத்தரன் சபைக்காரன் என்பதால் தமிழ்நாட்டுக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கையும் சொல்லாமல் விட முடியாது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், விரோதி யாரும் இல்லை, அவரை அனுப்பிவைத்த டென்மார்க்கின் அதிகாரியே அவரை நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்து வைத்தார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் வந்தார், 1719இல் 36 வயதில் இறந்துபோனார். மீதியை முடித்தது வேறொருவர். வருஷக் கடைசியில் இலக்கு எட்டியதா என்று யாராவது அவரிடம் கேட்டிருந்தால் ரூத் புத்தகத்தைத்தான் காட்டியிருக்க முடியும்.

அப்புறம் அந்த வாக்குத்தத்த அட்டை, வருஷத்துக்கான வசனம் என்று சபையில் ஆளுக்கொன்றாக எடுப்போமே, அது. புது வருஷ ராத்திரியில் எரேமியா 29:11 (தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்ற வசனம்) கையில் வந்தால் நமக்கு எவ்வளவு சந்தோஷம்! அதற்கு முந்தின வசனத்தையும் ஒருதரம் பாருங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள்.

பணம் இருப்பவர்களை நான் குத்திக்காட்டவில்லை, ஆபிரகாமும் சீமான்தான். ஏழ்மையையும் தூக்கிப் பரிசுத்தமாக்கிவிடாதீர்கள், வாடகை கட்ட முடியாத மாதத்தில் யாருக்கும் பரிசுத்தம் பொங்கி வழிவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. நான் சொல்வது, உங்கள் கையில் என்ன இருக்கிறதோ அதில் உண்மையாக இருந்தீர்களா என்பது ஒன்றுதான் கேள்வி. மத்தேயு 25இல் எஜமான் தன் வேலைக்காரரிடம் தாலந்து என்னும் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிற கதையில், ஐந்து தாலந்துக்காரன் கேட்ட அதே பாராட்டைத்தான் இரண்டு தாலந்துக்காரனும் கேட்டான், "கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்" என்று. எஜமானுக்கு ஐந்தும் கொஞ்சம்தான், இரண்டும் கொஞ்சம்தான். 15 வருஷமாக நீங்கள் எதில் உண்மையாக இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்கள் சபைக்கும் தெரிந்திருக்காது. சொல்ல ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியதை, சாட்சிக்காக எதையும் ஜோடிக்கவில்லை என்றுதான் நான் வாசித்தேன். நான் ஜோடித்தேன்.

வரிவசூல்காரன் சகேயு மாதிரி நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுத்தாயா என்று யாராவது கீழே கேட்பீர்கள். இல்லை. பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், மனைவியிடம் சொல்லிவிட்டேன், கம்பெனியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டோர் வேலையும் போகும். அந்த இடத்தில் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் என்னை இதில் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் மைக் எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. மனைவி முழங்கையால் இடித்தார். நான் மைக்கை வாங்கி அப்படியே பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன். அவர் மகளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்ததாம். எல்லாரோடும் சேர்ந்து நானும் அல்லேலூயா சொன்னேன்.