பை இருக்கட்டும், முதலில் கை பழகட்டும்

கேள்வி: போன மாதம் ஒரு போராட்டத்துக்குப் போயிருந்தேன். வெயில் தாங்காமல் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றி நின்ற யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, எனக்கும்தான். அடுத்த முறை முதலுதவி செய்யப் போக வேண்டும் என்று ஒரு பை நிறைய மருந்து வாங்கிவிட்டேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இது சரிப்படுமா? எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பெரியவர் விழுந்த இடத்திலேயே உங்கள் மனம் இன்னும் நிற்கிறது. தாராளமாகச் சரிப்படும், பட்டம் தேவையில்லை. ஆனால் பையிலிருக்கும் மாத்திரைகளை இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்கு எது ஒத்துக்கொள்ளாது, ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

முதலில் வகுப்பு. செஞ்சிலுவைச் சங்கம் பல நாடுகளில் முதலுதவிப் பயிற்சி தருகிறது. காணொளி பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. நின்றுபோன இதயத்துக்காக மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்று படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். பயிற்சிப் பொம்மை மீது செய்து பாருங்கள், இரண்டே நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள்.

எல்லோரும் பயப்படுவது கண்ணீர்ப்புகைக்கு. புகை என்று சொன்னாலும் பெரும்பாலும் அது மிக நுண்ணிய தூள்; உடையிலும் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். பாதிக்கப்பட்டவரைக் காற்று வரும் திசைக்கு, நல்ல காற்றுக்கு நகர்த்துங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். கழுவச் சுத்தமான தண்ணீர் போதும். பால் வேண்டாம், அதில் கிருமி இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவரை முதல் ஆளாக வெளியே கொண்டுபோய், அவருடைய இன்ஹேலரை எடுக்கச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் அடங்கவில்லை என்றால் மருத்துவமனைதான்.

கண் கழுவுவதில் ஒரு கைத்திறன் இருக்கிறது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கழுவும் கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். பாட்டில் மூடியில் சிறு துளை போட்டு, மூக்கின் ஓரத்திலிருந்து காதுப்பக்கமாகத் தண்ணீர் ஓடவிட வேண்டும். மாறினால், ஒரு கண்ணின் தூள் மறு கண்ணுக்குப் போகும். நான் முதன்முதலில் தோழி ஒருத்திக்குச் செய்து பழகியபோது தண்ணீர் முழுக்க அவள் மூக்கில் ஏறியது. ஏழெட்டு முறைக்குப் பிறகே கை படிந்தது. நீங்களும் பழகுங்கள், வெறும் தண்ணீரில்.

ஆனாலும் களத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது வெயில், தாகம், பிசகிய கணுக்கால், செருப்புக் கடித்த புண். மயங்கியவரை நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். தெளிந்து, தெளிவாகப் பேசினால் மெல்ல மெல்லத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது; மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உடல் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது வெப்ப வாதம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

தனியாக மட்டும் போகாதீர்கள். நீங்கள் குனிந்து காயத்தைப் பார்க்கும்போது கூட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நிமிர்ந்து பார்க்க இன்னொருவர் வேண்டும். முந்தின நாளே இருவருமாக அந்த இடத்தை நடந்து பார்த்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் எதுவரை வரும், எந்தச் சந்து முட்டுச்சந்து என்பது அப்போதுதான் தெரியும்.

அன்று நீங்கள் கோஷம் போடப் போகவில்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. அடிபட்டவர் எந்தப் பக்கத்தவர் என்று கேட்காமல், "நான் முதலுதவி பழகியவள், உதவட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விலகுங்கள். படம் எடுக்காதீர்கள், எடுப்பவர்களையும் தடுங்கள். காயத்தோடு இருக்கும் முகம் வெளியே போனால் அவருக்கு என்ன வருமோ!

பையில் கையுறை, சுத்தமான கட்டுத்துணி, நிறையத் தண்ணீர் போதும். மற்றதை வகுப்பு முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். கூட வரப்போகிற தோழியையும் அந்த வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.