வேலை போய்விடுமா?

கேள்வி: அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதுகிறீர்கள். ஏழை நாடுகளில் சட்டத்தை இறுக்கினால் இருக்கிற வேலையும் போய்விடாதா?

பதில்: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வேலை செய்வோரில் 61 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், அமைப்புசாரா வேலைகளில் இருக்கிறார்கள். சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை. அதனால் யாருடைய வேலை நிலைத்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த நிலைக்கு வறுமை மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. பெரிய நிறுவனம் ஒப்பந்தக்காரரிடமும், அவர் துணை ஒப்பந்தக்காரரிடமும், அவர் வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்குத் தைக்கும் பெண்ணிடமும் வேலையைத் தள்ளிவிடும்போது, லாபம் மேலே ஏறுகிறது, பொறுப்பு மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கூலி பாக்கி என்று அந்தப் பெண் கேட்டால், அவளுக்கு முதலாளியே இல்லை என்றாகிவிடும். 1972-இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்காக இலா பட் தொடங்கிய 'சேவா' அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் மறுத்ததும் இதே காரணத்தைச் சொல்லித்தான். முதலாளியை எதிர்க்க மட்டுமல்ல, தொழிலாளர் ஒன்றுசேரவும் சங்கம் வேண்டும் என்று வாதாடியே அவர்கள் பதிவைப் பெற்றார்கள்.

இரண்டு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரால் தொழிலாளர்களின் காப்பீட்டுச் செலவு முழுவதையும் தாங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவர் தலையில்தான் அதைக் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குப்பையிலிருந்து மறுசுழற்சிப் பொருள்களைப் பிரித்தெடுப்போர் நெடுங்காலம் வழக்காடியதன் பயனாக, அவர்கள் செய்வது பொதுச்சேவை என்று ஏற்கப்பட்டு, 2013 முதல் எடைக்கேற்ற கட்டணம் கிடைக்கத் தொடங்கியது. இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை தீர்வை விதித்தது. சித்தாளைக் கூட்டிவரும் மேஸ்திரியைத் தேடி அலையாமல், கட்டடம் கட்டுவோரிடமே அது வசூலிக்கப்பட்டது. அதற்காகக் கட்டடம் கட்டுவதை யாரும் நிறுத்திவிடவில்லை. அப்படி வசூலான பல்லாயிரம் கோடி ரூபாயைத் தொழிலாளருக்குச் செலவிடாமல் வைத்திருந்ததற்காக 2018-இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது அரசுகளைத்தான்.