சபையின் தரிசனம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் நான் கமிட்டி உறுப்பினர். என் பெயரை வெளியிட வேண்டாம். இந்த வருடம் சபைக்கு ‘மிஷன், விஷன்’, அதாவது சபையின் பணியும் தரிசனமும் என்ன என்று எழுத வேண்டும் என்று எங்கள் ஆயர் நாற்பது நாள் ஜெபத்துக்கு அழைத்திருக்கிறார். அது முடிந்ததும் கமிட்டிக்கு ஒரு நாள் ஒர்க்‌ஷாப், பிறகு சபை ஆண்டுவிழாவில் அதை எழுதிய பலகை திறப்பு. பெரியவர்கள் புதிய ஹால் கேட்கிறார்கள். வாலிபர்களுக்கு ஆங்கில ஆராதனை வேண்டும். சிலர் வடமாநில ஊழியத்தைத் தாங்க வேண்டும் என்கிறார்கள். எல்லோருமே ‘ஜெபத்தில் கர்த்தர் உணர்த்தினார்’ என்றுதான் சொல்கிறார்கள். மறுத்துப் பேசினால் கர்த்தரையே மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. இதற்கிடையில் கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட எங்கள் குடும்பங்கள் பல ஆராதனைக்கு வருவதே நின்றுவிட்டது. தேவசித்தம் எது, எங்கள் ஆசை எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுவதற்கு முன்னால் ஜெபிக்க வேண்டும் என்று உங்கள் ஆயர் அழைத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல இடங்களில் எல்லாவற்றையும் முடிவு செய்தபிறகு, ஆசீர்வதிக்க மட்டும்தான் ஜெபம் வருகிறது. ஆனால் சபை முழுவதும் நாற்பது நாள் ஜெபித்துவிட்டு, முடிவைக் கமிட்டி ஒரே நாளில் எடுப்பது சரியில்லை. அந்த நாற்பது நாளில் யார் யாரைக் கேட்கப்போகிறீர்கள் என்று ஆயரிடம் கேளுங்கள்.

‘கர்த்தர் எனக்கு உணர்த்தினார்’ என்று ஒருவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உண்மையாகவே உணர்ந்திருக்கலாம். ஆனால் அங்கேயே முடிவாகிவிடக் கூடாது. வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் ஆசியாவுக்குப் போக நினைத்தார், தடை வந்தது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் தடை. பிறகுதான் இரவில் மக்கெதோனியா மனுஷன் தரிசனமானான். தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் அடுத்த வசனத்தில், கர்த்தர் எங்களை அழைத்தார் என்று ‘நாங்கள்’ நிச்சயித்துக்கொண்டோம் என்று எழுதியிருக்கிறது. பவுலுக்கே கூட இருந்தவர்களின் நிச்சயம் தேவைப்பட்டது என்றால் நம் கமிட்டி உறுப்பினர்களுக்கும் தேவைதான். ‘நீங்கள் உணர்ந்ததைச் சபையோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்போம்’ என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். அது அவிசுவாசம் ஆகாது.

அந்த ‘நாங்கள்’ யார் யார் என்பது ரொம்ப முக்கியம். அதே புத்தகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையின் ஐந்து பேரின் பெயர்கள் இருக்கின்றன: சீப்புருவைச் சேர்ந்த பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊர் லூகி, ஏரோதுவுடன் வளர்ந்த மனாயீன், ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்திய சவுல். ஊரும் வளர்ப்பும் வேறு வேறாக இருந்த இவர்கள் சேர்ந்து உபவாசித்தபோதுதான் ஆவியானவர் பேசினார். நம் கமிட்டிகளின் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். பல சபைகளில் ஒரே சாதி, ஒரே சொந்தபந்தம், தேர்தலில் ஜெயித்த ஒரே அணி. அப்படிப்பட்ட பன்னிரண்டு பேர் எத்தனை நாள் முழங்காலில் நின்றாலும் தங்கள் குரலையே திரும்பக் கேட்கும் ஆபத்து இருக்கிறது. இதை எழுத எனக்கு வலிக்கிறது. ஆனால் சாதியைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் சபையின் தரிசனத்தைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது பெரும்பாக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரியிலிருந்துதான் உங்கள் சபை தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நகரத்தின் நடுவிலும் நீர்நிலைக் கரைகளிலும் இருந்தவர்களை அரசு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் வைத்தது. வேலை, பள்ளிக்கூடம், சபை எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. அங்கிருந்து ஞாயிறு காலை ஆராதனைக்கு வடசென்னை வரவேண்டும் என்றால் ஒரு குடும்பத்துக்கு பஸ் செலவே எவ்வளவு ஆகும்? பெயர் உங்கள் சபை ரெஜிஸ்டரில் இருக்கும், ஆள் மட்டும் இல்லை. எருசலேம் சபையிலும், அன்றாடப் பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கமொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அதை முணுமுணுப்பு என்று ஒதுக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள், ஏழு பேரைத் தெரிந்தெடுத்து ஜெபித்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒரு சாப்பாட்டுப் புகாரிலிருந்து சபைக்குப் புதிய ஊழியம் பிறந்தது. உங்கள் நாற்பது நாளில் சில நாட்களை பெரும்பாக்கத்தில், அந்தக் குடும்பங்களின் வீட்டில் உட்கார்ந்து ஜெபியுங்கள். வாருங்கள் என்று அழைக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.

ஒர்க்‌ஷாப்பைப் பற்றி. 2023, 2024 அக்டோபர்களில் ரோமில் கத்தோலிக்கரின் உலக ஆயர்கள் மாமன்றம் கூடியது (நாம் பேராயர் என்பவரை அவர்கள் ஆயர் என்பார்கள்). பெண்களும் சாதாரண விசுவாசிகளும் முதல்முறையாக அதில் ஓட்டுரிமையோடு உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு முறையைக் கையாண்டார்கள். வட்ட மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் தான் ஜெபித்ததைச் சொல்வார், யாரும் குறுக்கே பேசக் கூடாது. பிறகு மௌனம். அடுத்த சுற்றில் தன் கருத்தை மறுபடியும் சொல்லக் கூடாது, மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். மறுபடியும் மௌனம். மூன்றாவது சுற்றில்தான் சேர்ந்து என்ன காண்கிறோம் என்ற பேச்சு. புரொஜெக்டரும் சார்ட்டும் இல்லாமல் நம் சபை ஹாலிலேயே இதைச் செய்யலாம். சத்தமாகப் பேசுகிறவர் இரண்டாவது சுற்றில் அடுத்தவரைக் கேட்டே ஆகவேண்டும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆண்டுவிழாத் தேதிக்காக அவசரப்படாதீர்கள். தனித்தனியாக இருந்த சபைப் பிரிவுகள் சேர்ந்து நம் திருச்சபையாக ஒன்றாவதற்கான பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. கதீட்ரல் ரோட்டில் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதிதான் அது நிறைவேறியது. 28 வருடம்! முன்நின்று உழைத்த பேராயர் அசரியா 1945-லேயே இறந்துபோனார். உங்கள் ஆயருக்கும் சில வருடங்களில் மாற்றல் வரும். அவர் போனபிறகும் சபை செய்யப்போவது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். அதற்கு மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தையும் ஜெபத்துக்குக் கொண்டுவாருங்கள். காணிக்கை எங்கே போகிறது என்று பார்த்தால், இப்போதே சபையின் தரிசனம் என்ன என்பது அதில் இருக்கும்.

ஹால் காத்திருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். வடமாநில ஊழியத்துக்குக் கொடுப்பதை நிறுத்தவே வேண்டாம், அந்தியோகியா தன் சிறந்த இருவரான பர்னபாவையும் சவுலையும் அனுப்பிவிட்ட சபை. ஆங்கில ஆராதனையைப் பற்றி வாலிபர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். மொழி மட்டும்தான் குறையா, அல்லது சபையில் அவர்கள் பேசுவதற்கே இடம் இல்லையா என்று. பெரும்பாக்கம் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.